பதினேழாம் எண் பல்செட்

ரேடியோவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவள் ரேடியோதான். காலையில் காய் வாங்கப் போகிறவள் காதில் ஒரு செய்தி விழுந்தால், மதியத்துக்குள் அது மூன்று தெரு தாண்டியிருக்கும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. ஒரு விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அவளுக்கு நெஞ்சை அடைக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஓர் அறக்கட்டளைக்குச் செயலாளராக உட்கார வைத்தார்களே, வைத்தவர்கள் புத்திசாலிகளா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, அவள் வந்த பிறகு அங்கே ஒரு காகிதம் தொலைந்ததில்லை, ஒரு கேள்விக்கு மழுப்பலாகப் பதில் போனதில்லை.

அந்த அறக்கட்டளைக்கு ஒரே வேலை. வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பல்செட் கட்டிக் கொடுப்பது. பிள்ளை இல்லாத பல் டாக்டர் ஒருவர் தன் இரண்டு அறை ஆஸ்பத்திரியை அதற்கென்று எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். முன்னறையில் ரேடியோவின் மேஜை, பூட்டுப் போட்ட இழுப்பறை, சுவரோரம் ஒரு பெஞ்சு. பின்னறையில் சாய்ந்து படுக்கும் சிகிச்சை நாற்காலி. அதற்கும் பின்னால், திரை போட்ட மூலையில், பல்லுக்காரரின் பட்டறை. வாரத்தில் ஒருநாள் ஒரு டாக்டர் வந்து வாயை அளவெடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பல்லுக்காரர் அந்த மூலையில் உட்கார்ந்து மெழுகை உருக்கிப் பல் அடுக்கிக்கொண்டிருப்பார்.

பல்லுக்காரருக்குத் தன் கைவேலை மேல் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. வருகிறவர்களிடம் முதலில் பழைய போட்டோ கேட்பார். கல்யாணப் படமோ, பள்ளிக்கூடத்தில் கூட்டமாக எடுத்த படமோ, ஏதோ ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எந்தப் பல் நீளம், எது திரும்பி நின்றது, எங்கே சந்து இருந்தது என்றெல்லாம் குறித்துக்கொள்வார்.

"கடையில தொங்கற மாதிரி வரிசைப்பல்லு நான் கட்டறதில்ல," என்பார். "அவங்கவங்க பல்லை அவங்கவங்களுக்கே திருப்பித் தரேன்."

முகம் அவருக்கு நினைவிருக்காது. தெருவில் எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால் விழிப்பார். அவர் வாயைத் திறந்து சிரித்தால்தான், "அட, நீங்களா," என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

ஆறு மாதத்துக்கு முன்னால், ஆள் நடமாட்டமில்லாத ஒரு மதியமாகப் பார்த்து, ரேடியோவின் நாத்தனார் அந்த முன்னறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவருக்கு அக்கா. முப்பது வருஷமாக ரேடியோவின் சமையல், பிள்ளை வளர்ப்பு, வீடு பெருக்கும் லட்சணம் எதையும் விட்டுவைக்காமல் குறை சொல்லி வருகிறவள். அன்று ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள்.

"உன்னைப் பார்க்க வரல. பல்லுக்கு வந்தேன்."

"அண்ணி, இது வசதி இல்லாதவங்களுக்குன்னு..."

"தெரியும். வாசல்ல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன்."

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். மகனுடைய தொழில் படுத்துவிட்டது. அவள் கையில் இருந்ததும் அதோடு போயிற்று. தம்பிக்குத் தெரியாது. தம்பி இன்னும் 'என் மருமகன் மாதிரி வருமா' என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறான். அவன் பேசிக்கொண்டே இருக்கட்டும்.

"உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "ஒரு வாரம் தாங்கினா அதிகம். இருந்தாலும் கேட்டு வைக்கறேன். யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா என் தம்பிகிட்ட."

அந்த 'ஒரு வாரம்' ரேடியோவுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே மனுக்களில் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் யாருக்கு என்று எழுதிய நோட்டு அவளுடைய இழுப்பறைக்குள் இருக்கும், மனுக்களைப் பார்த்து முடிவெடுக்கும் குழுவில்கூட யாரும் பார்த்ததில்லை. பதினேழாம் எண் மனு குழுவுக்கு வந்தபோது அவள் எழுந்து வெளியே போய் நின்றாள். விதி அப்படி. உறவுக்காரர் விஷயத்தில் செயலாளர் அறைக்குள் இருக்கக் கூடாது. அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு உள்ளே வந்து, கூட்டக் குறிப்பில் தன் கையாலேயே எழுதினாள்: 'பதினேழாம் எண் பரிசீலிக்கப்பட்டபோது, உறவு காரணமாகச் செயலாளர் வெளியே சென்றார்.' நேர்மையாக எழுதிவிட்டோம் என்று அவளுக்கு அன்று ஒரே திருப்தி.

பல்லுக்காரர் நாத்தனாரின் கல்யாணப் போட்டோவை வாங்கிப் பார்த்து, மேல்வரிசையில் ஓரமாக ஏறி நின்ற தெத்துப்பல்லைக் கண்டு சொக்கிப்போனார். அதை அப்படியே வைத்துக் கட்டிக் கொடுத்தார். நாத்தனார் தம்பி வீட்டுக்கு வந்து வாய் நிறையச் சிரித்தாள். மகன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டி வைத்ததாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து ரேடியோவின் கஷ்டகாலம் ஆரம்பித்தது. கணவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மருமகன் பெருமையைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அவளிடமும் மறுபடி சொல்வார்.

"பார்த்தியா, அம்மாவுக்குப் பல்லு கட்டி வச்சிருக்கான். உங்க பக்கத்துல யாருக்காவது இப்படித் தோணுமா?"

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிடும். எழுந்து உள்ளே போய், அடுப்பைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு வருவாள். இப்படியே ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, ஆறு மாதமும் போனது. தன்னுடைய சாதனையை யாரிடமாவது சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்றால், அதைச் சொன்னால் சாதனையே போய்விடும். அந்த வேதனையும் சேர்ந்துகொண்டது.

இந்த நேரத்தில்தான் அறக்கட்டளைக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேறெங்கோ ஓர் அறக்கட்டளை, இல்லாத ஆட்களுக்குச் சக்கர நாற்காலி கொடுத்ததாகக் கணக்குக் காட்டி மாட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் இருந்த பாதிப்பேர் நாற்காலி வாங்கிய தேதிக்கு முன்பே இறந்துபோனவர்கள். அதனால் இனிமேல் உதவி பெற்றவர்களின் புகைப்படத்தை எண் போட்டு முப்பது நாள் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். அவர்களுடைய அந்தரங்கம் கருதி, முகத்தில் ஒரு பகுதியை மறைத்துக்கொள்ளலாம்.

ரேடியோ அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறதே என்று உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட. பதினேழை நினைத்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஆனால் மறைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறதே, அது போதும் என்று நினைத்து, ஒட்டும் வேலையைப் பல்லுக்காரரிடம் விட்டாள். ஒவ்வொரு செட்டும் முடிந்த கையோடு அவர் எடுத்து வைத்த படங்கள் அவரிடம்தான் இருந்தன.

பல்லுக்காரர் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து முப்பத்தோரு படத்தையும் ஒழுங்கு பண்ணினார். பத்திரிகையில் போடுவதைப் போலவே ஒவ்வொருவர் கண்ணிலும் கறுப்புப் பட்டை ஒட்டினார். நெற்றியை வெட்டினார், காதை வெட்டினார். வாயை மட்டும் தொடவில்லை. தொட அவருக்கு மனசு வருமா? வாயைப் பெரிதாக்கி, நல்ல வெளிச்சத்தில், பளபளவென்று அச்சுப் போட்டு, காலையில் வாசல் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தார்.

ரேடியோ வந்தபோது பலகை முன்னால் ஏற்கெனவே பத்துப் பேர்.

"இது நம்ம தையல்காரர் இல்ல?"

"அவரேதான். முன்பல்லு ரெண்டும் முயலு மாதிரி. சொந்தப் பல்லு, இரும்பையே கடிப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரே."

"அஞ்சாம் நம்பர் யாரு, மீன்காரம்மாவா? சந்து அப்படியே இருக்கு பாரு."

முகத்தை மறைத்து வாயைக் காட்டும் யோசனை பல் கட்டுகிற இடத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் யாருக்கும் வந்திருக்காது. அதுவும் அவரவர் பழைய பல்லையே அச்சு அசலாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் மனுஷர். கண்ணைப் பார்த்துத் தெரியாமல் போகலாம், அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தெரியாமல் போகுமா? கூட்டத்தின் பேச்சு ஐந்தாம் எண்ணைத் தாண்டுமுன் ரேடியோவின் கண் பதினேழுக்குப் போயிற்று. கறுப்புப் பட்டைக்குக் கீழே தெத்துப்பல் தெருவைப் பார்த்து ஜோராகச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், காற்றில் படபடக்கிறது என்று எதையோ சொல்லி, அந்த ஒரு படத்தை மட்டும் பிய்த்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பல்லுக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பதினேழு சரியா வரலையா? எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது."

"வாயை ஏன் மறைக்கல?"

"வாயை மறைச்சா நான் என்ன வேலை செஞ்சேன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

பலகையில் இருந்த முப்பது வாய்களைவிட, இல்லாமல் போன அந்த ஒன்றுதான் ஊரை அதிகம் பேச வைத்தது. மனு மாமா என்று ஒருவர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, தெருவிளக்கு முதல் தபால்பெட்டியின் நிறம் வரை எதைப் பற்றியும் யாருக்காவது மனு எழுதுவதே அவருக்குப் பொழுது. அவர் பலகைக்கு வந்தார், விரல் விட்டு எண்ணினார், நேராக உள்ளே வந்து கூட்டக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்றார். பொதுமக்கள் யார் கேட்டாலும் காட்ட வேண்டிய புத்தகம் அது. ரேடியோதான் எடுத்துக் கொடுத்தாள். மாமா நிதானமாகப் புரட்டி, 'உறவு காரணமாகச் செயலாளர் வெளியே சென்றார்' என்ற வரியில் விரலை வைத்து, அவளை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அன்று மாலையே மனு போய்விட்டது. பதினாறுக்கு அடுத்துப் பதினெட்டு வருவது எண்கணிதத்துக்கே முரணானது என்று தொடங்கி, செயலாளர் தன் சொந்தக்காரருக்குப் பல்செட் கட்டிக் கொடுத்துவிட்டு அதை மறைக்கிறார் என்பதில் போய் முடிந்திருந்தது. கண்காணிப்பு அலுவலகம் புதன்கிழமை ஆய்வாளரை அனுப்புவதாகப் பதில் போட்டது. அதுவரை புதிதாக யாருக்கும் பல் கொடுக்கக் கூடாது. அளவெடுத்துவிட்டு வாயைத் திறந்து காத்திருந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வழக்கம்போலத் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். ஆய்வாளர் வரும் செய்தி கணவருக்குக் கடையிலேயே எட்டியிருந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"உண்மையைச் சொல்லு. உன் தங்கச்சிதானே?"

"யாரு?"

"பதினேழு. உங்க வீட்டுல எல்லாருக்குமே பல்லு கொஞ்சம் மோசம்தான். உங்கப்பாவுக்கு நாப்பது வயசுலேயே பாதி கொட்டிப்போச்சு. அதுல தப்பில்ல. ஆனா வசதி இல்லைன்னு எழுதிக் குடுத்து வாங்கணுமா? எங்கிட்ட கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

ரேடியோ கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். தங்கைக்கு முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தங்கை இல்லை என்றால் தம்பியா என்பார். தம்பி இல்லை என்றால் சித்தியா என்பார். ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் இந்தச் சாப்பாட்டு மேஜையில் வந்து நிற்கும்.

"எங்க பக்கம்தான்னு வச்சுக்குங்க," என்றாள்.

"அக்கா, கேட்டியா? நம்ம பையனைப் பாரு, யார்கிட்டயும் கை நீட்டாம அம்மாவுக்குக் கட்டி வச்சான். இவங்க வீட்டுல..."

மற்ற நாளாக இருந்தால் நாத்தனார் இந்த இடத்தில் இரண்டு வார்த்தை சேர்த்திருப்பாள். ரேடியோவின் பிறந்த வீட்டைப் பற்றிய பேச்சு வந்தால் அவளுக்குப் பசி எடுக்கும். அன்று அவள் வாயில் வைத்ததை மெல்லவே இல்லை. தம்பி முகத்தைப் பார்த்தாள், ரேடியோ முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைக் குடித்து அதை விழுங்கினாள். தலை வலிக்கிறது என்று சொல்லிச் சீக்கிரமே கிளம்பிப் போனாள்.

ரேடியோ அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆய்வாளரை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் அண்ணி, என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் நாத்தனார் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். 'எனக்கு அப்பவே தெரியும்' என்பாள். ஆறு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, கடைசியில் அந்த மூன்று வார்த்தையைக் கேட்பதற்குப் பதில் செயலாளர் பதவியை விட்டுவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

புதன்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முன்னறையில் மனு மாமா பெஞ்சை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், பேச்சுக்குப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. அங்கே உட்கார இருந்தது சிகிச்சை நாற்காலி ஒன்றுதான். ஆய்வாளர் அதில் ஏறி, சாய்ந்துவிடாமல் முதுகை நிமிர்த்தி, பல் பிடுங்கும் சாமான் வைக்கும் தட்டில் தன் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டார். ரேடியோவும் பல்லுக்காரரும் எதிரே நின்றார்கள். யார் யாரை விசாரிக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குக் குழப்பம் வந்திருக்கும்.

"பதினேழு உங்க உறவுக்காரரா?"

"ஆமா."

"பேரு?"

"சொல்ல மாட்டேன்."

ஆய்வாளர் பேனாவை மூடிக் கோப்பின் மேல் வைத்தார். "நீங்க நல்லவங்களாத்தான் தெரியறீங்க. ஆனா போன மாசம் நான் பார்த்தவரும் நல்லவராத்தான் தெரிஞ்சார். செத்தவங்களுக்குச் சக்கர நாற்காலி குடுத்தவர். எனக்கு டீ எல்லாம் வாங்கிக் குடுத்தார்."

"உங்ககிட்ட சொல்றதுல எனக்குப் பயமில்ல. நீங்க எழுதுவீங்க. எழுதினா கோப்புக்குப் போகும். கோப்பை அவர் கேட்பார்," என்று கதவுப் பக்கம் தலையை ஆட்டினாள். "நீங்க காட்டித்தான் ஆகணும். நானே அப்படித்தான் காட்டினேன்."

"சரி. அது நியாயம். நான் ஒண்ணு கேட்கறேன். அந்த ஒரு படத்தை எடுத்தீங்க. மீதி முப்பது பேரோட வாய் மட்டும் வெயில்ல தொங்கலாமா?"

ரேடியோவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தையல்காரர் மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். அவளே நாலு பேரிடம் சொல்லியும் இருந்தாள். ஆனால் அதைத் தன் பையிலிருந்த மடித்த படத்தோடு சேர்த்து ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை. அந்த முப்பது பேருக்கும் செயலாளர் உறவு இல்லாமல் போனதுதான் குற்றம்.

"தப்புதான்," என்றாள். "எல்லாத்தையும் எடுத்திருக்கணும்."

"கண்ணைத் திறந்துவிட்டு வாயை மறைச்சிடலாமா?" என்றார் பல்லுக்காரர், தன்னால் ஆன தியாகமாக.

"முகத்துல ஒரு பகுதின்னு எழுதினவருக்குப் பல்லெல்லாம் நல்லா இருந்திருக்கும்," என்றார் ஆய்வாளர், ரேடியோவிடம். "பலகையை நான் பார்த்துக்கறேன். முப்பது பேரோட விலாசத்தையும் நோட்டைப் பார்த்து எழுதிக் குடுங்க, நானே தேடிப்போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன். ஊருக்குத் தெரிய வேண்டியது, பல்லு நெசமான வாய்க்குத்தான் போச்சுங்கறது. யாரோட வாய்னு தெரிய வேண்டியதில்ல. ஆனா பதினேழு அப்படி முடியாது. அது உறவு. புகார் வந்திருக்கு. அந்த ஆளை என் கண்ணால பார்த்து, வசதி இல்லாதவங்கதானான்னு கேட்காம நான் இங்கேர்ந்து போக முடியாது. பேரை எழுத மாட்டேன். பார்த்தேன்னு மட்டும் எழுதுவேன். அவங்களைக் கூப்பிடுங்க."

"அவங்களைக் கேட்காம நான் கூப்பிட முடியாது."

"அப்ப கேளுங்க."

கேட்பதற்குத்தான் ரேடியோவுக்கு வாய் வரவில்லை. ஊரில் எந்த விஷயத்துக்கும் மூடாத வாய்.

"நான் பதவியை விட்டுடறேன்," என்றாள். "அந்த இருபத்து மூணு பேருக்கும் பல்லு குடுக்கத் தடை போடாதீங்க."

ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றிவிட்டு எழுதத் தயங்கிக்கொண்டிருந்தபோது, பட்டறை மூலையில் திரை விலகியது. அங்கே சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. பிளாஸ்டர் மூட்டை இறக்க வைத்தது. நாத்தனார் அந்த வழியாக வந்து, திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவையில் பிளாஸ்டர் மாவு அப்பியிருந்தது.

"முன்பக்கம் அந்த ஆளு உட்கார்ந்திருக்கான்," என்றாள். பிறகு ஆய்வாளருக்கு நேரே போய் நின்று, ஒரு தடவை மூச்சு வாங்கி, பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து, கோப்புக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தாள்.

பல் இல்லாத அவள் முகம் சட்டென்று பத்து வயது மூத்துப்போயிற்று. ரேடியோ தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆய்வாளரும் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. ரேடியோவையும் பல்லுக்காரரையும் வெளியே போகச் சொன்னார். மகனைப் பற்றி, வீட்டைப் பற்றி உள்ளே என்ன கேட்டார், நாத்தனார் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. ரேடியோ சாத்திய கதவுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தாள். காதை ஒட்டிவைத்தால் கேட்டிருக்கும். ஒட்டிவைக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஆய்வாளர் வெளியே வந்து, பலகையிலிருந்த படங்களை எல்லாம் தன் கையாலேயே கழற்றினார். கூட்டக் குறிப்பில், 'பதினேழாம் எண் நேரில் சரிபார்க்கப்பட்டது. தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனு மாமா அதை மூன்று தடவை படித்தார்.

"யாருன்னு போடலையே."

"இல்லை," என்றார் ஆய்வாளர்.

"எனக்குத் தெரிய உரிமை இருக்கு."

"பல்லு சரியான ஆளுக்குப் போச்சான்னு தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. அதுக்குத்தான் நான் வந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க மனு போட்டது நல்லதுதான். போட்டிருக்கலைன்னா அந்த முப்பதும் இன்னும் தொங்கிக்கிட்டு இருந்திருக்கும்," என்றார். மாமா அதை ஒரு பாராட்டாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தபடியே போனார்.

மதியம் இரண்டு பெண்களும் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். 'எனக்கு அப்பவே தெரியும்' எப்போது வரும் என்று ரேடியோ காத்துக்கொண்டே நடந்தாள்.

"நீ ஒரு வாரத்துல சொல்லிடுவேன்னு நெனச்சேன்," என்றாள் நாத்தனார். "சொன்னதும் உன்கூட என்னென்ன சண்டை போடணும்னு வரிசையா யோசிச்சு வச்சிருந்தேன். நல்ல நல்ல வார்த்தை. ஆறு மாசமாக் காத்திருந்து எல்லாம் வீணாப்போச்சு."

"இப்ப வேணும்னாலும் போடுங்க அண்ணி."

"எதை வச்சுப் போடறது?" என்றாள் அவள் சலிப்போடு.

வீட்டில் கணவர் கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் பிரச்சனை இல்லை என்றாள் ரேடியோ. அவருக்கு அது போதவில்லை.

"எப்படியோ உன் தங்கச்சி தப்பிச்சா. இனிமேயாவது உங்க ஆளுங்களை..."

"டேய்," என்றாள் நாத்தனார். "இவ தங்கச்சி இல்லடா. நான்."

அவருக்குப் புரியவில்லை. அவள் இரண்டாம் தடவை சொன்னாள். மகன் எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகவில்லை, அவனுக்கே இப்போது சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் என்று சொன்னாள். சொல்லி முடித்துத் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் அவர். குரல் பாதிதான் வந்தது. "நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பே. அதனாலதான் சொல்லல. உங்கிட்ட வாங்கிக்கிட்டா அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வந்து நான் எப்படிடா அதிகாரமா உட்காருவேன்? இவகிட்டச் சொன்னேன். இவ ஆறு மாசமா என்னை ஒரு பார்வைகூட மாத்திப் பார்க்கல. முன்ன மாதிரியே எதிர்த்துப் பேசினா, முன்ன மாதிரியே முறைச்சா. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

இந்த மனுஷியிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ரேடியோ முப்பது வருஷம் ஏங்கியிருக்கிறாள். அது வரும்போது தான் கையில் கரண்டியோடு அழுதுகொண்டு நிற்போம் என்று நினைக்கவில்லை.

கணவர் எழுந்தார். சாப்பாட்டைத் தொட்டிருக்கவில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கையைக் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

ரேடியோ அங்கே போகத் திரும்பினாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"விடு. நாம பார்க்க வேண்டாம்."

இருவரும் வாசல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.